இங்கிலாந்தின் மேனர் நிலமும் எங்கள் பேர்மிட் காணியும்

பரந்தன் ஆசிரியர் (கேள்வி):
வணக்கம். கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்கு வரலாறு கற்பிக்கிறேன். பழைய இங்கிலாந்தில் கொப்பிஹோல்ட் முறையில் நிலம் வைத்திருந்தவர், அதை விற்பதற்கும் பிள்ளைக்குக் கொடுப்பதற்கும் மேனர் எனப்படும் பெருநிலத்தின் பிரபு நடத்திய மன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது என்று விளக்கியபோது, "அப்படியென்றால் எங்கள் பேர்மிட் காணி போலவா?" என்று ஒரு மாணவி கேட்டார். பேர்மிட் என்னும் அரச அனுமதிப்பத்திரத்தில் காணி வழங்கப்பட்ட, இரணைமடுக் குளத்தின் கீழுள்ள குடியேற்றத் திட்டங்களில் வளரும் பிள்ளைகளுக்கு இந்த ஒப்பீடு உடனே விளங்கும். ஆனால் அது எதுவரை பொருந்தும்?

முள்ளியவளை வாசகர்:
நடைமுறையில் ஒற்றுமை பெரிது. விற்பவர் காணியை முதலில் பிரபுவின் காரியஸ்தரிடம் ஒப்படைப்பார்; வாங்குபவர் உரிய கட்டணத்தைச் செலுத்தியபின் மன்றம் அவரைக் குடியானவராக ஏற்கும்; அது மன்றச் சுருளில் பதியப்பட்டு, அப்பதிவின் பிரதியே அவருக்கு உறுதியாகும். 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றவரும் பிரதேச செயலகத்தைத் தவிர்த்துக் காணியைக் கைமாற்ற முடியாது.

வேறுபாடு வேறோரிடத்தில் இருக்கிறது. பிரபுவும் மேனரின் வழக்காற்றுக்குக் கட்டுப்பட்டவர். அந்த வழக்காறு இன்னதென்று மன்றத்தில் சொன்ன யூரிமார் அதே ஊரின் குடியானவர்கள். 16 ஆம் நூற்றாண்டில் அரச நீதிமன்றங்களும் அந்த உரிமையைப் பாதுகாத்தன. எங்கள் பத்திரத்தின் நிபந்தனைகளோ சட்டத்திலிருந்து நேரே வருபவை. அவற்றை வகுப்பதில் ஊரவருக்கு இடமில்லை. வகுப்பில் அழுத்திச் சொல்ல வேண்டியது இதுவே என்பது என் உறுதியான கருத்து.

நெடுங்கேணி மகள்:
ஐயா, பின்னுரிமையையும் சேர்த்துக் கற்பியுங்கள். சில மேனர்களில் மூத்த மகனுக்கும், வேறு சிலவற்றில் இளைய மகனுக்கும் காணி இறங்கியது. அந்தந்த மேனரின் வழக்காறே அதைத் தீர்மானித்தது. இங்கே, பின்னுரித்தாளரை நியமிக்காமல் ஒருவர் இறந்தால், 1935 சட்டத்தின் அட்டவணை மகளுக்கு முன்னே மகனை வைத்தது. வடபகுதித் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமைப்படி சீதனமாகப் பெண்களுக்குக் காணி கொடுத்து வந்த எங்கள் சமூகத்தில், போருக்குப்பின் பெண்களே குடும்பத்தைத் தாங்கிய வீடுகள் இத்தனை இருக்கும்போதும், அந்த வரிசை 2022 வரை திருத்தப்படாமலிருந்தது மிகவும் வேதனைக்குரியது.

பூநகரி நண்பர்:
முடிவையும் சொல்ல வேண்டும். 1922 ஆம் ஆண்டுச் சட்டத்தால், 1926 ஜனவரி 1 முதல் கொப்பிஹோல்ட் காணிகள் சொந்தக் காணிகளாயின. ஆயினும் உரிமைக்குச் சான்றானவை என்பதால் மன்றச் சுருள்களைச் சட்டம் தொடர்ந்து காப்பாற்றியது. அங்கே தன் பிரதியைத் தொலைத்தவருக்கும் மூலச் சுருள் இருந்தது. வன்னியில் இறுதி யுத்த இடப்பெயர்வின்போது குடும்பங்கள் பத்திரங்களை இழந்தன. அலுவலகப் பதிவேடுகளும் அழிந்த இடங்களில், இன்னாருடைய காணி இது என்று சொல்ல அயலவர்தான் எஞ்சியிருந்தார்கள். முள்ளியவளை நண்பர் சொன்ன யூரிமாரின் பணியை அவர்களே செய்தார்கள். ஆனால் அவர்கள் சொல்லுக்கு மேனர் மன்றத்தில் இருந்த சட்டவலு இங்கே இல்லை. பிள்ளைகள் வீட்டில் பத்திரத்தின் இலக்கத்தையும் பின்னுரித்தாளர் பெயர் பதியப்பட்டுள்ளதா என்பதையும் கேட்டுப் பார்க்கட்டும்.