வாழைத்தோட்டத்தைக் குடையும் பெருச்சாளி, உதவி தேவை

மடிப்பாக்கத்தில் தனி வீடு. ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து மூன்று வாரமாக ஏதோ ஒன்று தோட்டத்தைத் தோண்டுகிறது. காம்பவுண்டு சுவர் ஓரம் இரண்டு வளை, வாழை அடியில் ஒன்று. வாய் 3 அங்குலம் இருக்கும். காலையில் பார்த்தால் ஈர மண் குவிந்து, வளை உள்ளிருந்தே அடைபட்டிருக்கிறது. சேப்பங்கிழங்குகள் பாதி கடித்துக் கிடக்கின்றன, இரண்டு முன்பல்லின் தடம் அப்படியே தெரிகிறது. மூஞ்சூறு இல்லை, அது பூச்சி தின்பது. பெருச்சாளி என்றுதான் நினைக்கிறேன்.

வளைக்குள் தண்ணீர் விட்டேன், பக்கத்திலேயே இன்னொரு வாய் திறந்தது. கண்ணாடித் துண்டும் சிமெண்டும் போட்டு அடைத்தேன். நான்காம் நாள் ஒரு அடி தள்ளித் தோண்டிவிட்டது. அப்புறம் கூண்டுப் பொறியில் கருவாடு, தேங்காய்ச் சில்லு, மசால் வடை எல்லாம் வைத்தாயிற்று. வடை மட்டும் போகிறது, கதவு விழுவதில்லை.

விஷம் வைக்க மாட்டேன். வீட்டில் நாய் இருக்கிறது. தென்னையில் தினமும் ஒரு ஆந்தை வந்து உட்காருகிறது, விஷம் தின்ற எலியைப் பிடித்தால் அதற்கும் ஆபத்து.

இப்போது ஒரு வளை சம்ப் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) பக்கம் நீள்கிறது, அதுதான் பயம். விஷமில்லாமல் இதைப் பிடிக்க எந்த மாதிரிப் பொறியை, எங்கே வைக்க வேண்டும்?