.223 ஆக்‌ஷனில் வார்மின்ட் ரைஃபிள்: எந்த வைல்ட்கேட் தோட்டா?

மேட்டுப்புல் (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. கையில் இருப்பது குட்டை ரெமிங்டன் 700 ஆக்‌ஷன் (ரைஃபிளின் ஏற்றிச் சுடும் பகுதி), .223 தோட்டாவின் அடிக்குப் பொருந்தும் போல்ட் முகம். புதுக் குழல் போட்டு வார்மின்ட் (தொல்லை தரும் சிறு விலங்கு) வேட்டைக்கென்றே ஒரு ரைஃபிள் கட்டுகிறேன். முக்கியமாக ப்ரெய்ரி டாக் (வளை தோண்டி வாழும் புல்வெளி அணில் வகை). 150 முதல் 350 கஜம், எப்போதாவது 400. குளிர்காலத்தில் கொயோட்டியும் (ஓநாய் இனத்துச் சிறு விலங்கு) உண்டு, தோல் கிழியக் கூடாது. ஒரே நாளில் நிறையச் சுட வேண்டியிருக்கும் என்பதால் குழல் சீக்கிரம் தேயக் கூடாது. சுட்டது எங்கே பட்டது என்று ஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்க்கவும் வேண்டும். ரீலோடிங் (சுட்ட பித்தளைக் கூட்டில் மறுபடி மருந்தும் புல்லட்டும் ஏற்றுவது) தெரியும், கூட்டின் கழுத்தைச் சீவும் கருவியும் இருக்கிறது.

பட்டியலில் இருக்கும் வைல்ட்கேட்டுகள் (ஃபாக்டரியில் வராத, ஏற்கெனவே உள்ள கூட்டை மாற்றி நாமே செய்யும் தோட்டாக்கள்): .20 பிராக்டிகல், .20 டாக்டிகல், .20 வார்டார்க், .17-223, .223 ஆக்லி இம்ப்ரூவ்ட். போல்ட்டை மாற்றி .22-250 ஆக்லி பக்கம் வரச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். எதில் என்ன சிக்கல் வரும்?

நெடுங்குழல்

உங்கள் தேவைக்கு .20 பிராக்டிகல். .223 கூட்டின் கழுத்தை .204 அங்குலப் புல்லட்டுக்கு இறுக்கினால் போதும். உடலும் தோளும் அப்படியே இருக்கும்.

குழல் தேய்மானத்தைக் கணக்காகவே பார்க்கலாம். கூட்டின் கொள்ளளவை (அது கொள்ளும் நீரின் எடை, கிரெயின் என்ற சிறு எடை அலகில்) துளையின் பரப்பால் (சதுர அங்குலம்) வகுங்கள்; எண் கூடினால் தேய்மானமும் கூடும். .223-க்கு ஏறத்தாழ 730 வரும். .20 பிராக்டிகல் 870 அளவில் நிற்கும். .22-250 1,100-ஐத் தாண்டும். .17-223 இன்னும் மேலே, 1,200 பக்கம் போகும். கூடு சின்னதாயிற்றே என்று .17-ஐ எடுப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. அவ்வளவு மருந்தின் வாயுவும் .172 அங்குலத் துளைக்குள் நுழைய வேண்டியிருப்பதால் த்ரோட் (புல்லட் குழலுக்குள் நுழையும் தொடக்கப் பகுதி) எரிவது .22-250 மாதிரியேதான். போதாக்குறைக்குச் செம்புப் படிவு சீக்கிரம் சேரும், மெல்லிய கம்பி வைத்து அடிக்கடி துடைக்க வேண்டும். நாள் முழுக்கச் சுடுபவருக்கு அது சரிப்படாது.

பறக்கும் பாதையிலும் .20 பின்தங்கவில்லை. ஹார்னடி 40 கிரெயின் .204 வி-மேக்ஸ் புல்லட்டின் பி.சி. (காற்றில் வேகம் இழக்காமல் பறக்கும் திறனின் எண்) 0.275; .224-இல் 55 கிரெயின் வி-மேக்ஸ் 0.255 மட்டுமே. நீளமான குழலில் பிராக்டிகல் அந்த 40 கிரெயினை நொடிக்கு 3,700 அடிக்கு அருகே கொண்டுபோகும். ஃபாக்டரி .22-250 தன் 55 கிரெயினுக்குச் சொல்வது 3,680. ஆக, கிட்டத்தட்ட அதே பாதை கிடைக்கிறது, மருந்து வெகுவாகக் குறைகிறது. பின்னுதைப்பும் குறைவதால் கனமான குழல் போட்ட ரைஃபிளில் பட்ட இடம் ஸ்கோப்பை விட்டு நழுவாது.

டாக்டிகலில் 30 டிகிரி தோள் வருகிறது. அதற்கென்று உருவாக்கும் டை (கூட்டை வடிவமைக்கும் அச்சு) வேண்டும், வேகத்தில் சொல்லிக்கொள்ளும்படி லாபமில்லை. வார்டார்க் அருமையான தோட்டா; .221 ஃபயர்பால் கூடு, துளி மருந்து, குழல் நீண்ட நாள் வாழும். 250 கஜத்துக்குள் என்றால் அதையே சொல்லியிருப்பேன். 350-இல் காற்றடித்தால் பிராக்டிகல் கைகொடுக்கும்.

நாற்பது டிகிரி

அதற்கு முன் ஒரு கேள்வி: வைல்ட்கேட் எதற்கு? 2004-இல் வந்த .204 ரூகர் இதே போல்ட் முகத்தில் பொருந்தும், டை கடையிலேயே கிடைக்கும், ஃபாக்டரி தோட்டாவும் உண்டு, பிராக்டிகலைவிடச் சற்று வேகமும் கூட. பிராக்டிகலின் உண்மையான பலம் .223 கூடுகள்தான்: லபுவா முதல் ராணுவக் கூடு வரை எங்கும் கிடைக்கும். கூடு சேர்த்து வைத்திருப்பவருக்கு அது பெரிய விஷயம். இல்லாதவர் ரூகரோடு நிற்கலாம். .22-250 கூட 1965-இல் ரெமிங்டன் எடுத்துக்கொள்ளும்வரை வைல்ட்கேட்தான்; .25-06-க்கு அந்த நாள் 1969-இல் வந்தது. நல்ல வைல்ட்கேட்டுகளில் பலவற்றுக்கு ஃபாக்டரி வடிவம் வந்தாகிவிட்டது. அதையும் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

.223 ஆக்லி (கூட்டின் உடலையும் தோளையும் அகலப்படுத்திய .223): அதே அழுத்தத்தில் நொடிக்கு 100 அடி கூடினாலே அதிகம். கூடு நீள்வது குறையும், வெட்டும் வேலை மிச்சம். சாதாரண .223 தோட்டாவைச் சுட்டாலே கூடு புது வடிவுக்கு வந்துவிடும். ஆனால் சேம்பர் (குழலில் தோட்டா உட்காரும் அறை) வெட்டுபவர் ஆக்லி கோ-கேஜ் (அந்த அறையின் நீளத்தைச் சரிபார்க்கும் அளவி) வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். அது .223 கோ-கேஜைவிட 0.004 அங்குலம் குட்டை. கழுத்தும் தோளும் சேரும் இடத்தில் தோட்டா லேசாக நசுங்கி உட்கார வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அளவு. சாதாரண கேஜை வைத்து வெட்டிவிட்டால் முதல் சூட்டில் கூட்டுக்கு முன்பக்கப் பிடி இருக்காது; அடிப்பகுதிக்குச் சற்று மேலே சுவர் இழுபட்டு மெலியும். வெளியே பளபளப்பாக ஒரு வளையம் தெரியும். முனை வளைத்த கம்பியை உள்ளே விட்டு இழுத்தால் பள்ளம் தட்டுப்படும். அந்தக் கூட்டை மறுபடி ஏற்றினால் இரண்டாகப் பிரிந்து பாதி சேம்பரிலேயே தங்கிவிடும்.

கூடுசீவி

பிராக்டிகல் என்று முடிவானால் வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

ரீமருக்கு (சேம்பரை வெட்டும் கருவி) ஆர்டர் சொல்லும் முன் எந்தக் கூட்டைப் பயன்படுத்தப் போகிறீர்களோ அதில் இரண்டு மூன்றை இறுக்கி, மருந்தும் பிரைமரும் (மருந்தைப் பற்றவைக்கும் அடிமூடி) இல்லாமல் புல்லட் மட்டும் செருகிக் கழுத்தை அளந்து பாருங்கள். கழுத்துச் சுவர் 0.0125 அங்குலம் என்றால் வெளி அளவு 0.229, 0.0135 என்றால் 0.231. இறுக்கும்போது சுவர் கொஞ்சம் தடிக்கும், அதனால் கணக்கை நம்பாமல் அளவையே நம்புங்கள். சேம்பர் கழுத்து அதைவிட 0.003 முதல் 0.004 வரை அகலமாக இருக்கட்டும். இடைவெளி போதவில்லை என்றால் கழுத்து விரிந்து புல்லட்டை விட முடியாமல் அழுத்தம் எகிறும். அந்த மாதிரித் தோட்டாவையே குழல் வேலை செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள், த்ரோட் நீளத்தை அதைப் பார்த்தே அமைப்பார்.

இறுக்க .223 புஷிங் டை (கழுத்தின் அளவுக்கு மாற்றிப் போடும் வளையம் கொண்ட டை) போதும். ஒரே மூச்சில் இறக்கினால் கழுத்து கோணும், சில தோள்கள் மடியும். முதலில் 0.236 அளவு புஷிங், பிறகு கடைசிப் புஷிங். அது செருகிய கழுத்தைவிட 0.002 முதல் 0.003 குறைவாக இருக்கட்டும். பலமுறை சுட்ட கூடானால் முன்கூட்டியே கழுத்தை அனீல் செய்யுங்கள் (சூடாக்கி மென்மையாக்குங்கள்). டைக்குள் இருக்கும் .224 எக்ஸ்பாண்டர் உருண்டையைக் கழற்றிவிடுங்கள். மறந்தால் வெளியே இழுக்கும்போது கழுத்து பழையபடி விரிந்துவிடும். புல்லட் செருகும் டைக்கு, வெற்று டை ஒன்றை வாங்கி உங்கள் ரீமராலேயே வெட்டச் சொல்வது நல்லது; .223 டை மெல்லிய புல்லட்டை நேராகப் பிடிக்காது.

மருந்து அளவு: .204 ரூகர் பட்டியலை இதற்கு எடுக்கவே கூடாது. அந்தக் கூடு பெரியது, அதன் அளவு இதில் அபாயம். பிராக்டிகலுக்கென்றே வெளியான பட்டியலின் அடிமட்டத்தில் தொடங்கி, கிரோனோகிராஃப் (புல்லட்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்து மெல்ல ஏறுங்கள். எதிர்பார்த்ததைவிட வேகம் கூடுதலாகக் காட்டினால் அழுத்தமும் கூடிவிட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரைமர் தட்டையாகும்வரை காத்திருப்பது தாமதம்.

கூட்டின் அடியில் .223 என்றே பொறித்திருக்கும் என்பதால் குழலில் தோட்டாவின் பெயரைப் பொறித்தே ஆக வேண்டும். .223 தோட்டாவை இந்தச் சேம்பரில் பலவந்தமாக அழுத்தி மூடிச் சுட்டால் ரைஃபிளே உடையலாம். இரண்டு வகைக்கும் வெவ்வேறு நிறப் பெட்டி வையுங்கள், ஒரே மேசையில் இரண்டையும் பரப்பாதீர்கள்.

மேட்டுப்புல்

மிக்க நன்றி. லபுவா .223 கூடு நிறைய இருப்பதால் பிராக்டிகல்தான். ட்விஸ்ட் (குழலுக்குள் வரிகள் சுற்றும் வீதம்) எவ்வளவு? கொயோட்டிக்கும் அதே புல்லட்டா?

நெடுங்குழல்

32 முதல் 40 கிரெயின் வரை 1:12 (12 அங்குலத்துக்கு ஒரு சுற்று) போதும், 1:11 என்றால் கொஞ்சம் தாராளம். 50-க்கு மேற்பட்ட புல்லட் வேண்டுமானால்தான் 1:9. உங்களுக்கு அது தேவைப்படாது. ப்ரெய்ரி டாக்குக்கு 32 கிரெயின். கொயோட்டிக்கு 39 கிரெயின் சியரா பிளிட்ஸ்கிங் அல்லது 40 வி-மேக்ஸ், தோள் எலும்பைத் தவிர்த்து விலாவுக்குப் பின்னால் இல்லாமல் நெஞ்சில். தோள் எலும்பில் பட்டால் புல்லட் மேற்பரப்பிலேயே சிதறித் தோலைக் கிழித்துவிடும், விலங்கும் உடனே விழாது.

.22 துடைப்புக் கம்பி இந்தக் குழலுக்குள் போகாது, .20-க்கான கம்பியையும் போர் கைடையும் (துடைப்புக் கம்பியைக் குழலுக்குள் நேராகச் செலுத்தும் குழாய்) குழலோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள். களத்தில் குழலைத் தொட்டால் கை பொறுக்காத சூடு வந்ததும் போல்ட்டைத் திறந்து ஆறவிடுங்கள். எந்தத் தோட்டாவானாலும் சூடான குழலில் விடாமல் சுடுவதுதான் த்ரோட்டை முதலில் தின்கிறது.