கோவையில் ஓட்டல் உண்டு, உணவு இல்லையா?

ரேஸ்கோர்ஸ்வாசி:
“கோவையில் ஓட்டல்கள் பெருகியிருக்கின்றன, ஆனால் அந்த ஊருக்கென்று சொந்தச் சாப்பாடு கிடையாது” என்று வைகைக்கரையான் நேற்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. ஆர்.எஸ்.புரத்தில் வடநாட்டுச் சாப்பாடு, உக்கடத்தில் பிரியாணி, சரவணம்பட்டியில் ஐ.டி. பிள்ளைகளுக்காக நள்ளிரவு வரை திறந்திருக்கும் கடைகள், தெருமுனைக்குத் தெருமுனை பேக்கரி. தமிழ்நாட்டின் உணவுத் தலைநகரம் இனி கோவைதான். எங்கள் சாம்பார் ஒன்றே போதும். அது சிறுவாணித் தண்ணீரின் ருசி. வேறெந்த ஊருக்கும் அது வாய்க்காது.

வைகைக்கரையான்:
பேக்கரியும் வடநாட்டுச் சாப்பாடும் எந்த ஊரில் இல்லை? நான் கேட்டது கோவையின் பதார்த்தம். எங்களிடம் கறி தோசை இருக்கிறது: கீழே தோசை, நடுவில் முட்டை, மேலே கொத்துக்கறி. பாதாம் பிசினும் நன்னாரியும் சேர்ந்த ஜிகர்தண்டா இருக்கிறது. பன் பரோட்டா இருக்கிறது. உங்களிடம் கேட்டால் தண்ணீரைக் காட்டுகிறீர்கள். அந்தச் சிறுவாணி அணையும் பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது!

ரேஸ்கோர்ஸ்வாசி:
அணை எங்கே இருந்தால் என்ன? 1973-இல் இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டுத்தான் அணை கட்டினார்கள். குடிப்பது நாங்கள். மதுரைக்காரர் அணையைப் பற்றிப் பேசலாமா? முல்லைப் பெரியாறு அணை இடுக்கி மாவட்டத்தில்தானே இருக்கிறது? அந்தத் தண்ணீர் வைகைக்கு வராவிட்டால் உங்கள் பரோட்டாவுக்கு மாவு பிசைவது எப்படி?

நெல்லைச்சீமை:
உணவுத் தலைநகரம் என்றால் என்ன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கடைகளின் எண்ணிக்கையா, பழமையா, ருசியா? அது தெரியாமல் சண்டை போட்டு என்ன பயன்?

வைகைக்கரையான்:
பெரியாற்றுத் தண்ணீரால்தான் பரோட்டா ருசிக்கிறது என்று நாங்கள் எப்போதாவது சொன்னோமா? சொன்னது நீங்கள். கோவையின் பல வார்டுகளுக்குப் பில்லூர்த் தண்ணீர்தான் போகிறது. அது பவானி ஆறு. அந்த வார்டுகளில் சாம்பார் கசக்கிறதா?

ஈரோட்டுக்காரி:
பவானி என்றதும் வந்துவிட்டேன். கோவையில் புதிதாகத் திறக்கும் கடைகள் பலவும் ‘கொங்குச் சமையல்’ என்று பலகை மாட்டுகின்றன. உள்ளே போனால் முதலில் பள்ளிபாளையம் சிக்கன். பள்ளிபாளையம் எங்கள் ஊருக்கு எதிரே, காவிரிக்கு அக்கரையில் இருக்கிறது. காய்ந்த மிளகாயும் தேங்காய்ப் பல்லும் போட்டு வறுக்கும் அந்தக் கறிக்கும் கோவைக்கும் என்ன உறவு? ஜூனியர் குப்பண்ணா 1960-இல் தொடங்கியதும் ஈரோட்டில்தான். எங்கள் இலையிலிருந்து எடுத்துப் பரிமாறிவிட்டுத் தலைநகரம் என்று சொல்லிக்கொள்வது நியாயமா?

ரேஸ்கோர்ஸ்வாசி:
அம்மணி, கொங்கு நாடு ஈரோட்டின் தனிச்சொத்து கிடையாது. அரிசிம்பருப்புச் சாதமும் சந்தகையும் கொள்ளுப் பருப்பும் எங்கள் வீடுகளிலும் தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. இன்னொன்றும் சொல்கிறேன். வெட் கிரைண்டர் கோவையில் பிறந்தது. புவிசார் குறியீடே ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ என்ற பெயரில் இருக்கிறது. மதுரையின் மல்லிகைப்பூ இட்லிக்கு மாவு அரைத்துக் கொடுத்தது எங்கள் ஊர். அதற்கு ஒரு நன்றி சொல்லலாம்.

வைகைக்கரையான்:
இயந்திரம் செய்தவர்கள் சமையல்காரர்கள் ஆகிவிட முடியாது. ஆட்டுக்கல் காலத்திலேயே எங்கள் ஊரில் இட்லி மென்மையாக இருந்தது. பில்லூருக்குப் பதில் வரவில்லை.

பூட்டுநகர்:
பிரியாணி என்று எழுதினீர்கள், திண்டுக்கல்லை மறந்துவிட்டீர்கள். தலப்பாக்கட்டி 1957-இல் எங்கள் ஊரில் தொடங்கியது. சீரகச் சம்பா அரிசியில் பிரியாணி என்றால் அது நாங்கள்தான்.

ரேஸ்கோர்ஸ்வாசி:
திண்டுக்கல்லை இங்கே யாரும் கூப்பிடவில்லை. பில்லூர்த் தண்ணீரும் மேற்கு மலையிலிருந்துதான் வருகிறது. ஆனால் சாம்பாருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சிறுவாணி. வெளியூர் போய்த் திரும்பும் எந்தக் கோவைக்காரரும் முதலில் தேடுவது ஒரு தம்ளர் சிறுவாணித் தண்ணீர்தான். பருப்பு அதில் வேகும் பதமே வேறு.

வைகைக்கரையான்:
உங்கள் ஊர்த் தள்ளுவண்டிக் காளானைப் பற்றியும் பேசுவோமா? பாதிக்கு மேல் முட்டைக்கோஸ். அதற்கும் சிறுவாணிதான் காரணமா? போன ஆண்டு எங்கள் ஜிகர்தண்டாவை ‘சர்க்கரைக் கரைசல்’ என்று எழுதியவர் நீங்கள். நான் மறக்கவில்லை.

ரேஸ்கோர்ஸ்வாசி:
எழுதினேன், இன்னும் அதையே சொல்வேன். முட்டைக்கோஸ் சேர்ந்தால்தான் அது கோவைக் காளான். மாலை ஆறு மணிக்கு மேல் அந்த வண்டிகளைச் சுற்றி நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் போய்க் கேளுங்கள். நீங்கள் கேட்ட பதார்த்தம் இதோ இருக்கிறது. எங்கள் தெருவில் பிறந்தது, எங்கள் பிள்ளைகள் சாப்பிட்டு வளர்ந்தது.

ஈரோட்டுக்காரி:
காளானை வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிபாளையத்துக்கு இன்னும் பதில் இல்லை. ரேஸ்கோர்ஸ் பக்கம் அதே சிக்கனுக்கு எங்கள் ஊர் மெஸ்ஸைப்போல இரண்டு மடங்கு விலை வாங்குகிறார்கள். அது எதற்கு?

நெல்லைச்சீமை:
என் கேள்விக்கு இதுவரை ஒருவர்கூடப் பதில் சொல்லவில்லை.

ரேஸ்கோர்ஸ்வாசி:
விலை கடைக்காரர் பாடு. வைகைக்கரையானுக்கு ஒன்று. அதே துவரம் பருப்பு, அதே சாம்பார்ப் பொடி, அதே கை. மதுரைத் தண்ணீரில் ஒன்று, சிறுவாணியில் ஒன்று வைத்துப் பாருங்கள். அதற்குப் பிறகு பேசுங்கள்.

வைகைக்கரையான்:
எந்த வார்டுக் குழாயில் பிடித்த தண்ணீர் என்று முதலில் எழுதுங்கள்.