கரண்ட் போனதும் சம்ப் நிரம்பித் தரையெல்லாம் உப்புத்தண்ணீர் – ரீஃப் தொட்டியின் பைப் வேலையை எப்படி மாற்றுவது?

அலைவாசல் (சென்னை):

வணக்கம். 120×60×60 செ.மீ. ரீஃப் தொட்டி (பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி), கீழே கேபினெட்டுக்குள் 90×40×40 செ.மீ. சம்ப் (தண்ணீரைச் சுத்தம் செய்யும் துணைத்தொட்டி), ஏழு மாதமாக ஓடுகிறது. கிளவுன் மீன் இரண்டு, கிளீனர் இறால் இரண்டு, ஒரு லெதர் கோரல் (தோல்போன்ற மென்பவளம்), கொஞ்சம் ஜோயான்தஸ் (பூப்போன்ற சிறு பவள உயிர்). மூலையில் ஓவர்ஃப்ளோ பெட்டி (மேல் விளிம்புப் பற்களின் இடைவெளி வழியாகத் தொட்டித் தண்ணீர் வழிந்து விழும் தடுப்பு), அதன் அடிக்கண்ணாடியில் இரண்டு துளை: ஒரு இன்ச்சில் வடிகால், முக்கால் இன்ச்சில் ரிட்டர்ன் (சம்பிலிருந்து பம்ப் தண்ணீரை மேலே திருப்பி அனுப்பும் பைப்). பைப் போட்டுக் கொடுத்தவர் வீட்டுத் தண்ணீர் வேலை செய்யும் பிளம்பர்தான். லெதருக்கு நீரோட்டம் வேண்டும் என்று ரிட்டர்ன் வாயைத் தண்ணீருக்குள் 18 செ.மீ. ஆழத்துக்கு இறக்கச் சொன்னேன். திரும்பி வராமலிருக்க ஒரு என்.ஆர்.வி. (ஒரு பக்கம் மட்டும் திறக்கும் வால்வு) போட்டிருந்தார்.

திங்கட்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை, வீட்டிலும் யாரும் இல்லை. வந்து கதவைத் திறந்தால் ஹால் முழுக்கத் தண்ணீர், மூன்று வாளிக்கு மேல் பிழிந்து எடுத்தோம். என்.ஆர்.வி.யைக் கழற்றிப் பார்த்தால் மிளகைவிடச் சின்ன நத்தை ஓடு ஒன்று மூடிக்கும் ரப்பருக்கும் நடுவே சிக்கியிருக்கிறது. கரண்ட் வந்ததும் சம்பில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்று நினைத்து, ஆட்டோ டாப்-அப் (சம்ப் மட்டம் குறைந்தால் தானாகத் தண்ணீர் விடும் கருவி) தன் கேனில் இருந்த 25 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரையும் உள்ளே ஊற்றிவிட்டது. உப்பு (ஒப்படர்த்தி அளவில்) 1.025லிருந்து 1.0235க்கு இறங்கியது. மீன்கள் தப்பித்தன, லெதர் அன்றிலிருந்து சுருங்கியே இருக்கிறது.

இது தவிர, வடிகால் பைப் எந்நேரமும் கடகடவென்று சத்தம் போடுகிறது, கல்லுக்குப் பின்னால் கழிவு படிகிறது. பெரிய சம்ப் வாங்குவதா, நல்ல என்.ஆர்.வி. வாங்குவதா? கீழ் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்கள், இன்னொரு முறை இப்படி ஆகக் கூடாது.

உப்புக்காற்று (தூத்துக்குடி):

தம்பி, இரண்டுமே வேண்டாம். முதலில் கணக்கைப் பார்ப்போம். உங்கள் தொட்டியில் ஒரு செ.மீ. உயரத் தண்ணீர் என்றால் 7.2 லிட்டர். பம்ப் நின்றதும் ரிட்டர்ன் பைப் வழியாகவே தண்ணீர் தலைகீழாகச் சைஃபன் ஆகும் (தானாகவே உறிஞ்சி இறங்கும்), அதன் வாய் காற்றில் தெரியும் வரை நிற்காது. வாய் 18 செ.மீ. ஆழத்தில் இருந்தால் 130 லிட்டர் கீழே வரும். சம்ப் ஓடும்போது மட்டம் எவ்வளவு என்று நீங்கள் சொல்லவில்லை, 22 செ.மீ. என்று வைத்தால் மேலே 18 செ.மீ. காலி, அதாவது 65 லிட்டர்தான் பிடிக்கும். மீதி 65 லிட்டர்தான் நீங்கள் பிழிந்த மூன்று வாளி.

ஆகவே என்.ஆர்.வி.யை நம்பிக் கட்டாதீர்கள். நத்தை, பாசி, சுண்ணாம்புப் படிவு என்று உப்புத்தண்ணீரில் ஏதாவது ஒன்று அதற்குள் உட்காரும். இருக்கிற ரிட்டர்ன் வாயை மேலே தூக்கி, தண்ணீர் மட்டத்துக்கு 2 செ.மீ. கீழே மட்டும் வையுங்கள். சைஃபனை உடைக்கப் பைப்பில் சின்னத் துளை போடச் சொல்வார்கள், போடலாம், ஆனால் அதுவும் பாசியில் அடைபடும். வாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது மட்டும்தான் அடைபடாது.

இப்போது சத்தம். ஒரே வடிகாலில் தண்ணீரும் காற்றும் சேர்ந்து இறங்குவதால்தான் கடகடவென்கிறது. உங்களிடம் ஏற்கெனவே இரண்டு துளை இருக்கிறதே, இரண்டையும் வடிகாலாக்கிவிடுங்கள். ரிட்டர்ன் பைப்பைத் தொட்டிக்கு வெளியே பின்பக்கமாக ஏற்றி விளிம்பைத் தாண்டி உள்ளே விடுங்கள். இதற்கு ஹெர்பி முறை என்று பெயர். ஒரு இன்ச் பைப்பின் வாயைப் பெட்டிக்குள் தாழ்வாக வைத்து, கீழே ஒரு வால்வு போட்டு, காற்றே கலக்காமல் முழுப் பைப்பும் தண்ணீராக இறங்கும்படி வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். காற்று இல்லையென்றால் சத்தமும் இல்லை. முக்கால் இன்ச் பைப்பின் வாய் அதைவிட உயரத்தில் வறண்டு நிற்கும். முதல் பைப் அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறி அதில் விழும், விழும் சத்தமே உங்களுக்கு எச்சரிக்கை.

முதல் பைப்பின் கீழ் முனை சம்ப் தண்ணீரில் 2, 3 செ.மீ. மட்டும் மூழ்கட்டும். ஆழமாக மூழ்கினால் கரண்ட் வந்த பிறகு பைப்பில் நிற்கும் காற்று வெளியேற முடியாமல் சைஃபன் பிடிக்கவே நேரமாகும். துளை மூன்று இருந்தால் பீன் அனிமல் என்ற மூன்று வடிகால் முறை இன்னும் பாதுகாப்பு, ஆனால் அதற்காக ஓடுகிற தொட்டியில் புதிதாகக் கண்ணாடியைத் துளைக்கச் சொல்ல மாட்டேன்.

வேலை முடிந்ததும் பம்ப் ஓடும்போதே முதல் வால்வை முழுதாக மூடிப் பாருங்கள். முக்கால் இன்ச் பைப் மட்டுமே மொத்தத் தண்ணீரையும் இறக்க வேண்டும். பெட்டி நிறைந்து தொட்டி மட்டமும் ஏறிக்கொண்டே போனால் பம்பின் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

நொய்யல்_ரீஃப் (கோவை):

மேலே அண்ணன் சொன்னதோடு ஒன்று. வீட்டு பிளம்பர் போட்டது என்கிறீர்கள், உடனே எல்லா இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். மரை வரும் இடங்களில் உள்ளே பித்தளை வைத்த ஃபிட்டிங் போடுவது அவர்கள் வழக்கம், வீட்டுக் குழாய்க்கு அதுதான் உறுதி. உப்புத்தண்ணீரில் பித்தளை அரித்துச் செம்பு கரையும். மீன் ஓரளவு தாங்கும், இறாலும் நத்தையும் பவளமும் தாங்காது. எனக்கு இறால் மட்டும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்று வாரம் உப்பையும் அம்மோனியாவையும் அளந்து அளந்து பார்த்தேன், கடைசியில் பம்புக்கு மேலே இருந்த ஒரு மேல்மரை ஃபிட்டிங்கின் உள்வளையம் பச்சை பூத்திருந்தது. அந்த வருத்தம் இன்னும் போகவில்லை, அதனால்தான் இதை எங்கே பார்த்தாலும் எழுதுகிறேன்.

ஹெர்பிக்கு வேண்டிய கேட் வால்வை (பல சுற்றுச் சுற்றி மெல்ல மூடும் வகை) ஹார்டுவேர் கடையில் கேட்டால் உலோகத்தில்தான் எடுத்துத் தருவார்கள், வேண்டாம். முழுக்க பிவிசியில் ஆனதை ஆன்லைனில் வரவழையுங்கள். பால் வால்வில் (உள்ளே உருண்டை திரும்பும் வகை) நூல் அளவு திருப்பினாலே தண்ணீர் மட்டம் பெரிதாக மாறிவிடும், ஹெர்பிக்கு கேட் வால்வுதான் சுகம். ஹோஸ் கிளாம்பும் பிளாஸ்டிக்கில் வாங்குங்கள், ஸ்டீல் துருப்பிடிக்கும். பம்புக்கு மேலே ஒரு யூனியன் (கழற்றி மாட்டும் இணைப்பு) கட்டாயம் வையுங்கள், இல்லாவிட்டால் பம்பைக் கழுவ ஒவ்வொரு முறையும் பைப்பை அறுக்க வேண்டியிருக்கும்.

அலைவாசல்:

பார்த்துவிட்டேன், பித்தளை இரண்டு இடத்தில் இருக்கிறது. சம்ப் மட்டமும் அளந்தேன், அண்ணன் சொன்ன 22 செ.மீ.தான். மீன்களை வெளியே எடுக்காமல் இந்த வேலையைச் செய்ய முடியுமா? பம்ப் 4000 லிட்டர் என்று போட்டிருக்கிறது, அது அதிகமா?

உப்புக்காற்று:

எடுக்கவே வேண்டாம். ரிட்டர்ன் வாயை முதலில் மேலே தூக்கிவிட்டுப் பம்பை அணைத்தால் தொட்டித் தண்ணீர் ஓவர்ஃப்ளோ பெட்டியின் பல் மட்டத்தில் நின்றுவிடும், பெட்டிக்குள் இருப்பதை மட்டும் மொண்டு எடுத்தால் போதும். அடியில் உள்ள டேங்க் நிப்பிளை (கண்ணாடித் துளையில் பைப்பைப் பிடிக்கும் இணைப்பு) அசைக்காமல் மேல் பைப்பையும் கீழ் பைப்பையும் மட்டும் மாற்றுங்கள். சால்வென்ட் சிமென்ட் ஒரு நாள் முழுக்கக் காயட்டும், அப்புறம் சாதாரணத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அதுவரை தொட்டிக்குள் ஒரு வேவ்மேக்கர் (நீரோட்டம் உண்டாக்கும் சின்ன பம்ப்) ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

4000 என்பது பம்ப் தண்ணீரை உயரத் தூக்காமல் தள்ளும் அளவு. உங்கள் ஏற்றம் ஒன்றரை மீட்டர் இருக்கும், எல்போக்கள் வேறு, பாதி வந்தாலே பெரிது. சம்ப் வழியாக மணிக்குத் தொட்டியின் நாலைந்து மடங்கு, அதாவது 1800 லிட்டர் போனால் போதும். எல்போவைக் குறையுங்கள், ஒரு 90 டிகிரிக்குப் பதில் இரண்டு 45 போட்டால் தண்ணீர் எளிதாகத் திரும்பும்.

மென்பவளம் (சிங்கப்பூர்):

நீரோட்டத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ரிட்டர்ன் பம்பின் வேலை தண்ணீரை ஸ்கிம்மருக்கு (கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவி) கொண்டுபோய்க் கொண்டுவருவது, பவளத்துக்கு அசைவு கொடுப்பது வேவ்மேக்கரின் வேலை. இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்ததால்தான் அந்த வாய் 18 செ.மீ. கீழே போனது. உங்கள் அளவுக்கு இரண்டு வேவ்மேக்கர், ஒவ்வொன்றும் மணிக்கு நாலாயிரம் ஐயாயிரம் லிட்டர், எதிரெதிர்ப் பக்கக் கண்ணாடியில், மாறி மாறி ஓடும்படி வையுங்கள். ஒன்று மேற்பரப்பைச் சற்றே கலக்கட்டும், ஆக்ஸிஜன் அங்கேதான் உள்ளே வருகிறது. லெதரின் மேல் நேராக அடிக்கக் கூடாது. அது அவ்வப்போது மெழுகுபோல ஒரு தோலை உரிக்கும், அப்போது நாள்கணக்கில் சுருங்கித்தான் இருக்கும், விட்டு விட்டு வரும் ஓட்டம் இருந்தால் அந்தத் தோல் கழன்று போய்விடும்.

கல்லைப் பின் கண்ணாடியிலிருந்து நாலு விரல் முன்னே நகர்த்துங்கள், கழிவு படிவது பாதி அங்கேயே தீரும். கல் போதவில்லையென்றால் செயற்கைக் கல்லாகவே வாங்குங்கள். மன்னார் வளைகுடாவில் எடுத்தது என்று யாராவது பவளக்கல் கொண்டுவந்தால் தொடாதீர்கள். கடின பவளங்களெல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன, அந்தக் கல் அங்கே கடலுக்குள் இருக்க வேண்டியது.

இன்வெர்ட்டரில் வேவ்மேக்கர் ஒன்றைக் கொடுங்கள், ரிட்டர்ன் பம்பைக் கொடுக்க வேண்டாம். சூடான தண்ணீரில் ஆக்ஸிஜன் குறைவு, சென்னை வெயிலில் மீன்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்த அசைவுதான்.

அலைவாசல்:

பன்னிரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். கேட் வால்வு வர ஒரு வாரம் ஆனது. சனிக்கிழமை காலை ஆரம்பித்து ஞாயிறு மாலை பம்பைப் போட்டோம். சைஃபன் பிடிக்க ஒன்றரை நிமிடம், அதுவரை பயங்கரச் சத்தம், பிறகு சட்டென்று அடங்கியது. மனைவி பம்ப் நின்றுவிட்டது என்று நினைத்து எழுந்து வந்தாள்.

முதல் வால்வை மூடிப் பார்த்தேன், முக்கால் இன்ச் தாங்குகிறது. பிறகு தொட்டி மெயினை ஐந்து முறை அணைத்தேன். ஒவ்வொரு முறையும் சம்ப் 22லிருந்து ஏறி 31 செ.மீ.யில் நின்றது, மேலே இன்னும் 9 செ.மீ. காலி. அந்த 22ஐயும் 31ஐயும் சம்ப் கண்ணாடியில் சிவப்பு மார்க்கரால் கோடு போட்டிருக்கிறேன். டாப்-அப் கேனை 25 லிட்டரிலிருந்து 10 லிட்டருக்கு மாற்றிவிட்டேன். உப்பை நாலு நாளில் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 1.025க்குக் கொண்டுவந்தேன்.

லெதர் நேற்று தோலை உரித்தது, இன்று காலை ஓரத்தில் மட்டும் விரல்கள் எட்டிப்பார்க்கின்றன. கேட் வால்வு ஒன்றேகால் சுற்றுத் திறந்திருக்கிறது, பையன் கைபட்டு நகராமல் இருக்க அதன் பிடியைக் கழற்றி கேபினெட் கதவில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன்.