ஆறு வருடமாக ஞாயிறு காலை நாய்ப் பயிற்சி கொடுக்கிறேன், நாற்காலி போட்டதற்கு மட்டும் நன்றி சொன்னார்கள்

ஈரல்டப்பா எழுதியது:

ரொம்ப நாளாக இங்கே படித்துவிட்டுப் போகிறவள்தான் நான். இன்றைக்கு எரிச்சலில் எழுதுகிறேன், நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்னையில் நாய் வளர்ப்பவர்கள் சங்கம் ஒன்றில் 2019-லிருந்து கீழ்ப்படிதல் வகுப்பு எடுக்கிறேன். சிட், டவுன், ஸ்டே, கூப்பிட்டால் வருவது, வாரை இழுக்காமல் கூடவே நடப்பது, அவ்வளவுதான். சம்பளம் கிடையாது, நான் கேட்டதும் கிடையாது. காலை ஆறு மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடித்துவிடுவோம், ஏனென்றால் மே மாதத்தில் வெயில் ஏறிய பிறகு தார்த் தரையில் புறங்கையை வைத்தால் ஐந்து நொடி தாங்காது, நாய் என்ன செருப்பா போட்டிருக்கிறது. இதற்காக நான் நாலரைக்கு எழுந்து, சொன்னதைச் செய்யும் நாய்க்குப் பரிசாகக் கொடுக்கக் கோழி ஈரலை வேகவைத்து, சுண்டுவிரல் நகம் அளவுக்கு நறுக்கி, டப்பாவில் அடைத்துக்கொண்டு கிளம்புவேன். கைப்பை, ஸ்கூட்டி பெட்டி எல்லாம் ஈரல் வாடைதான். நான் வேலை பார்ப்பது வங்கியில், திங்கட்கிழமை பக்கத்து இருக்கைக்காரர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய் ஜன்னலைத் திறப்பார்.

முதலில் ஏழெட்டு நாய்தான் வரும். 2020-இல் ஊரடங்கு வந்தது, வீட்டில் சும்மா இருந்தவர்கள் எல்லாம் குட்டி வாங்கினார்கள். அந்த ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொல்லி ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயரோடு பேசிவிட்டார். அதற்கப்புறம் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் ராஜபாளையத்தை வைத்துக்கொண்டு “லிஃப்டில் யாரைப் பார்த்தாலும் ஏன் மேடம் உறுமுது” என்று கேட்டு வந்தவர்கள் எத்தனை பேர். காவலுக்கும் காட்டுப்பன்றி வேட்டைக்கும் வளர்த்த இனம் அது, லிஃப்டில் அந்நியரைப் பார்த்து வணக்கமா சொல்லும். அந்த நாய்களையும் பழக்கினோம். இப்போது ஞாயிறானால் முப்பது நாய் வரை வருகிறது, பயிற்சியாளர் நான் ஒருத்திதான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன மாதம் சங்கத்தில் இரண்டு நாள் முகாம். வெளியூரிலிருந்து ஒரு பயிற்சியாளரைக் கூப்பிட்டார்கள், கட்டணம், ஓட்டல் அறை, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் உண்டு. அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, நல்ல மனிதர், நாயைத் தொடும் விதத்திலேயே தெரிந்தது. முதல் நாள் அவர் சொன்னது: குட்டி மேலே தாவினால் தள்ளாதீர்கள், கத்தாதீர்கள், இரண்டையும் அது விளையாட்டு என்றுதான் நினைக்கும், பேசாமல் திரும்பி நில்லுங்கள், நாலு காலும் தரையில் பட்ட அந்த நொடியில் ட்ரீட்டைக் கொடுங்கள். இதை நான் ஆறு வருடமாக ஒவ்வொரு புது வகுப்பிலும் சொல்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கமிட்டி உறுப்பினர், அவருடைய லேப்ரடாரை நான்தான் பழக்கினேன், என் பக்கம் திரும்பி, “பாத்தீங்களா மேடம், இதையெல்லாம் நீங்களும் க்ளாஸ்ல சொல்லிக் குடுக்கலாமே” என்றார்.

நான் சிரித்தேன். வேறென்ன செய்வது.

நன்றியுரையில் கடைசி வரி எனக்கு. நாற்காலி, மைக் ஏற்பாட்டில் உதவிய சகோதரி என்று. பெயரையும் தப்பாகத்தான் சொன்னார்கள்.

அடுத்த ஞாயிறு எனக்குக் காய்ச்சல். காலை ஐந்து மணிக்கே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன். ஏழு மணிக்கு எழுந்து பார்த்தால் பதினான்கு பதில், எல்லாம் “முன்னாடியே சொல்லக் கூடாதா, இவ்வளவு தூரம் வந்துட்டோம்” ரகம். உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்கவில்லை. படுத்துக்கொண்டே அழுதேன், நாற்பத்தாறு வயதில் இதற்கெல்லாம் அழுவது எனக்கே கேவலமாக இருந்தது.

நிறுத்திவிடலாமா? இல்லை, தொண்டு என்று வந்துவிட்டு மாலை மரியாதை எதிர்பார்க்கிற அற்ப புத்தியா இது? நேராகச் சொல்லுங்கள்.

லேப்_அம்மா எழுதியது:

அக்கா, நான் மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன்.

என் லேப் பத்து மாதத்தில் என்னை இழுத்துக்கொண்டுபோய் மழைநீர்க் கால்வாயில் தள்ளியது, முழங்காலில் ஆறு தையல். அதற்கப்புறம்தான் ஒரு வகுப்புக்குப் போனேன், அங்கேயும் உங்களைப் போல ஒரு மேடம், இலவசம்தான். வார் இறுகினால் நின்றுவிடு, தளர்ந்தால் நட, இவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தார். முதல் வாரம் வாசலிலிருந்து தெருமுனைக்குப் போக இருபத்தைந்து நிமிடம் ஆனது, பால்காரர் பார்த்து சிரித்தார். எட்டாவது வாரம் நாய் பக்கத்திலேயே நடந்தது, ஒன்பதாவது வாரத்திலிருந்து நான் வகுப்புக்குப் போகவில்லை. சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. நாய் சரியாகிவிட்டது, இனி எதற்கு ஞாயிறு தூக்கத்தைக் கெடுப்பது என்று தோன்றியது, அவ்வளவுதான். உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் யோசிக்கிறேன், ஐந்து வருடமாகத் தினமும் இரண்டு வேளை அந்த மேடம் சொல்லிக்கொடுத்தபடிதான் நடக்கிறேன், அவருக்கு ஒரு தீபாவளி வாழ்த்துகூட அனுப்பியதில்லை.

எண் இன்னும் போனில் இருக்கிறது. இன்றைக்கே பேசுகிறேன். உங்களுக்கு அது ஆறுதலா என்று தெரியாது.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நான் ஒரு கென்னல் சங்கத்தில், அதாவது நாய் வளர்ப்பவர்கள் சங்கத்தில், நாலு வருடம் பொருளாளராக இருந்தவன், வேறு ஊர், அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

கமிட்டி ஆட்கள் கெட்டவர்கள் என்று நினைக்காதீர்கள், அவர்கள் கண்ணுக்கு உங்கள் வகுப்பு தெரியவே தெரியாது, அதுதான் உண்மை. எங்கள் சங்கத்துக்குப் பணம் வந்த வழி டாக் ஷோ, அதாவது நாய்களுக்கான அழகுப் போட்டி. நுழைவுக் கட்டணம், விளம்பரதாரர், வெளிநாட்டு நடுவர், கோப்பை, பத்திரிகையில் படம். வருடம் முழுக்க கமிட்டி பேசுவது அந்த இரண்டு நாளைப் பற்றித்தான். ஞாயிறு வகுப்புக்கு ரசீதும் இல்லை, வவுச்சரும் இல்லை, ஆக கணக்கில் அது இல்லவே இல்லை. வெளியூர்க்காரருக்குச் செக் எழுதினார்கள் பாருங்கள், அதனாலேயே அவர் நிபுணர்.

இது நம் ஊர்க் கோளாறு மட்டும் இல்லை. அமெரிக்காவில் ஹெலன் வைட்ஹவுஸ் வாக்கர் என்று ஓர் அம்மா, பூடில் வளர்த்தவர். அது வெறும் அலங்கார நாய் என்று எல்லோரும் கேலி பேசியதால், அதன் மூளையைக் காட்ட 1933-இல் நியூயார்க் பக்கத்தில் மவுண்ட் கிஸ்கோவில் ஒரு கீழ்ப்படிதல் போட்டி நடத்தினார். வந்தது எட்டே எட்டு நாய். அழகுப் போட்டிக்காரர்கள் கொண்டாடிக்கொண்டு வரவில்லை, அமெரிக்கன் கென்னல் கிளப் அதை முறையாக ஏற்றுக்கொண்டது 1936-இல்தான். அப்புறமும் அந்த அம்மா சும்மா இருக்கவில்லை, 1937-இல் பிளான்ச் சாண்டர்ஸ் என்ற பயிற்சியாளரையும் பூடில்களையும் கூட்டிக்கொண்டு, காருக்குப் பின்னால் டிரெய்லர் வண்டியை மாட்டி, ஊர் ஊராகப் போய் மைதானம் மைதானமாகச் செய்து காட்டினார். ஆக இந்தப் பக்கம் எப்போதுமே மாற்றாந்தாய் பிள்ளைதான், கண்ணில் காட்டினால்தான் சோறு.

அதனால் என் யோசனை, நன்றி கேட்காதீர்கள், கேட்டு வாங்கிய நன்றி நாக்கில் கசக்கும். செலவுக் கணக்கில் இடம் கேளுங்கள். ஈரலுக்கு இவ்வளவு, முதலுதவிப் பெட்டிக்கு இவ்வளவு, நீள வார் நாலு, உதவியாளருக்குப் பெட்ரோல் காசு. வருகைப் பதிவேடு ஒன்று வையுங்கள், நாய் பெயர், உரிமையாளர் பெயர், வெறிநாய்த் தடுப்பூசி போட்ட தேதி. ஆண்டு அறிக்கைக்கு அரைப்பக்கம் நீங்களே எழுதிக் கொடுங்கள், எழுதிக் கொடுத்தால் எந்தச் செயலாளரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார், அவருக்கு வேலை மிச்சம்.

இன்னொன்று, வகுப்புக்கு ஒரு முடிவு வேண்டும். உங்கள் வகுப்பு மெகா சீரியல் மாதிரி ஓடிக்கொண்டே இருக்கிறது, அப்புறம் யார் நின்று திரும்பிப் பார்ப்பார்கள்? அதே அமெரிக்க கிளப் 1989-இல் ‘கேனைன் குட் சிட்டிசன்’ என்று ஒன்று கொண்டுவந்தது, பத்துச் சோதனை: அந்நியர் வந்து பேசும்போது அமைதியாக இருப்பது, கூட்டத்தில் நடப்பது, இன்னொரு நாயைத் தாண்டிப் போவது, உரிமையாளர் மூன்று நிமிடம் மறைந்தாலும் ஊளையிடாமல் இருப்பது, இப்படி. அந்தப் பெயரைப் போட வேண்டாம், அதே மாதிரி உங்கள் சோதனையை நீங்களே வையுங்கள். பத்து வாரம், கடைசி வாரம் தேர்வு, சான்றிதழை ஷோ நடக்கும் நாளில் மேடையில் கொடுக்கச் சொல்லுங்கள். தலைவர் படம் எடுத்துக்கொள்ள ஓடிவருவார், பாருங்கள்.

வேப்பமரம் எழுதியது:

உள்ளூர் மாடு விலை போகாது என்று நம் ஆட்கள் சும்மாவா சொன்னார்கள். அதை விடுங்கள். நேராகச் சொல்லுங்கள் என்று கேட்டீர்கள், அதனால் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஆறு வருடம், முப்பது நாய், பயிற்சியாளர் ஒருத்தர்தான். ஏன்? இத்தனை பேர் வந்து போன இடத்தில் ஒருவர்கூட உதவிக்கு நிற்கத் தயாராக இல்லையா, அல்லது நின்றவரை நீங்கள் நிற்கவிடவில்லையா? நான் எட்டு வருடம் தெருநாய்க் கருத்தடை வேலையில் தன்னார்வலராக இருந்தேன். நான் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுபோகும் என்று வெளியில் புலம்பிக்கொண்டே உள்ளுக்குள் அதை ரசித்த ஆள் நான். வண்டிச் சாவியைக்கூட யாரிடமும் கொடுக்கமாட்டேன். கடைசியில் முதுகு பிடித்துக்கொண்டு ஒரு மாதம் படுத்தேன், வேலை ஒன்றும் நிற்கவில்லை. அன்றைக்கு வந்த கோபம் இருக்கிறதே, நன்றி கிடைக்காத கோபத்தைவிடப் பெரிது.

அப்புறம், அந்தக் கமிட்டிக்காரரிடம் “சார், உங்கள் லேப் தாவாமல் இருப்பதே அந்த வழியில்தான்” என்று அங்கேயே ஏன் சொல்லவில்லை? சிரித்துவிட்டு வீட்டில் அழுதால் அவருக்கு எப்படித் தெரியும். நாயிடம் நேரம் தவறாமல் சைகை கொடுக்கத் தெரிந்தவருக்கு மனிதரிடம் ஏன் ஒரு மாதம் தாமதம்?

ஈரல்டப்பா எழுதியது:

வேப்பமரம், பெயருக்கு ஏற்றபடிதான் எழுதுகிறீர்கள். முதலில் படித்தபோது போனைத் தூக்கி சோபாவில் எறிந்தேன்.

ஆனால் 2022-இல் ஒரு கல்லூரிப் பையன் வந்தான். ஆர்வமான பையன், நாய்களுக்கும் அவனைப் பிடிக்கும். நான் நிமிடத்துக்கு ஒருமுறை வாரை இப்படிப் பிடி, ட்ரீட்டை அவ்வளவு மேலே தூக்காதே, நாய் உட்கார்ந்தபிறகு சொல்லு என்று எல்லார் முன்னாலும் திருத்திக்கொண்டே இருந்தேன். நாலு ஞாயிறு வந்தான், அதோடு சரி. பரீட்சை என்றான். குட்டியைத் திருத்துகிறபோது மூன்று பாராட்டுக்கு ஒரு திருத்தம் என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறவள், அந்தப் பையனை ஒருமுறைகூட நல்லா செய்தாய் என்று சொன்னதாக ஞாபகம் இல்லை. இதை எழுதும்போது காது சூடாகிறது.

இருந்தாலும் பெயரைத் தப்பாகச் சொன்னது தப்புதான், அதை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

கணக்குப்பிள்ளை சார், பதிவேடு விஷயம் உடனே செய்யக்கூடியது, நோட்டு வாங்கிவிட்டேன். அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு ஈரல் செலவையும் எழுதிக்கொண்டு போகிறேன், ஆறு வருடக் கணக்கையும் கூட்டிப் பார்த்தேன், என் வீட்டுக்காரரிடம் காட்டவில்லை. மாதத்தில் கடைசி ஞாயிறு வகுப்பு கிடையாது என்று குழுவில் போட்டுவிட்டேன். இதுவரை மூன்று கட்டைவிரல், ஒரு “ஏன் மேடம்?”. அந்தப் பையனுக்கும் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறேன், நீல டிக் விழுந்திருக்கிறது, பதில் இல்லை.

கன்னிவீட்டான் எழுதியது:

மேடம், உங்கள் துக்கத்துக்கு நடுவில் கேட்பது அநியாயம்தான், மன்னிக்கவும். வீட்டில் கன்னி நாய், ஒன்றரை வயது, பெண். சிட் என்றால் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறது. இரண்டு மாதமாக இதே கதை. முட்டாளா, திமிரா?

ஈரல்டப்பா எழுதியது:

இரண்டும் இல்லை தம்பி. எந்தத் தரையில் உட்காரச் சொல்கிறீர்கள்? மொசைக், டைல்ஸ் என்றால் முதலில் ஒரு சாக்கையோ பழைய மிதியடியையோ மடித்துப் போடுங்கள். கன்னி, சிப்பிப்பாறை எல்லாம் முயல் துரத்த வளர்த்த ஒல்லி உடம்பு, கொழுப்பு ரொம்பக் குறைவு, வழுக்குகிற கெட்டித் தரையில் பின்காலை மடித்து உட்காருவது அதற்கு நிஜமாகவே இடைஞ்சல். முதுகை அழுத்தி உட்காரவைக்கிற வேலை வேண்டவே வேண்டாம். மூக்குக்கு நேராக ஈரலைக் காட்டி மெதுவாகத் தலைக்குப் பின்பக்கம் கொண்டுபோங்கள், இடுப்பு கொஞ்சம் தாழ்ந்தாலே கொடுத்துவிடுங்கள், முழுசாக உட்காரும்வரை காத்திருக்காதீர்கள். ஒரு தடவைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும், லேப் மாதிரி இருபது முறை திருப்பித் திருப்பிச் செய்யாது, அதற்கு அலுத்துவிடும். அதுவரைக்கும் சிட்டுக்குப் பதிலாக நில் என்று பழக்கினாலும் ஒன்றும் குடி முழுகிவிடாது. கூப்பிட்டால் வருவதை மட்டும் இன்றைக்கே ஆரம்பியுங்கள், நீள வாரில், அடைத்த இடத்தில். அணிலைப் பார்த்து ஓட ஆரம்பித்தால் அதற்குக் காதே கேட்காது, சாலை பக்கம் வாரை அவிழ்க்கவே அவிழ்க்காதீர்கள். பத்து நாள் செய்துவிட்டு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள், அப்போதும் உட்காரவில்லை என்றால் இடுப்பை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடலாம்.