சுதி மாறுவதைப் பிள்ளைகளுக்கு நடையால் விளங்கப்படுத்துவது எப்படி?

ஆரையம்பதி டீச்சர்:
தரம் 4, 5 பிள்ளைகள் பதினெட்டுப் பேருக்குச் சனிக்கிழமைகளில் கீபோர்டில் மேலைத்தேய இசை படிப்பிக்கிறேன். தாளமும் வேகமும் நடக்கும்போதே பிடிபட்டுவிடுகிறது. ஆனால் ஸ்கேல், அதாவது சுதி, மாறினால் திரும்பி நடக்க வேண்டும் என்று சொன்னால், நான் கொஞ்சம் அழுத்தி வாசித்த இடத்திலெல்லாம் திரும்புகிறார்கள், உண்மையில் சி-யிலிருந்து ஜி-க்குப் போன இடத்தில் ஒருவரும் அசையவில்லை. ஒரு பிள்ளை மட்டும் நின்றாள், கேட்டால் என் தோள் அசைந்ததைப் பார்த்து நின்றாளாம். செய்து பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

கல்லடிப் பாலம்:
டீச்சர், வீடு, அதாவது மெட்டு வந்து ஓய்கிற ஸ, எதுவென்று தெரியாத பிள்ளைக்கு வீடு மாறியது எப்படித் தெரியும்? ஜெனீவாவில் 1892 முதல் ஹார்மனி படிப்பித்த எமில் ஜாக்-டல்குரோஸ், மாணவர்கள் தாளில் சரியாக எழுதுவதைக் காதால் கேட்க முடியாமல் இருக்கிறார்கள் என்று கண்டுதான் உடலசைவுப் பக்கம் வந்தார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பாய்த்துண்டு கொடுங்கள். மெட்டு அலையும்போது நடக்கட்டும், ஸ-வில் வந்து நின்றால் ஓடிப்போய்த் தன் பாயில் உட்காரட்டும். நி-யில் நிறுத்திப் பாருங்கள், உட்கார முடியாமல் நுனிக்காலில் தவிப்பார்கள். இரண்டு மூன்று கிழமை இது மட்டும் போதும், திரும்புகிற விளையாட்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அப்புறம் பிள்ளைகளை உங்களுக்கு முதுகு காட்டி நிற்க விடுங்கள், தோளைப் பார்க்கிற வேலை இருக்காது.

காரைதீவுக்காரன்:
மேலே சொன்னது சரி. அடுத்த படி நம்மிடமே இருக்கிறது. சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் மாதரி ஏழு பெண்களுக்குக் குரல், துத்தம் என்று ஏழு சுரங்களின் பெயரை இட்டு வட்டமாக நிறுத்துவாள். எங்கள் ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947இல் வெளிவந்த யாழ் நூலில் பாலைகள் என்ற பழந்தமிழ்ச் சுர வரிசைகள் ஒன்றிலிருந்து ஒன்றாகத் திரிவதை ஆராய்ந்ததும் சிலப்பதிகாரத்தை வைத்துத்தான்.

தரையில் வெண்கட்டியால் வட்டமாகப் பன்னிரண்டு கட்டம் கீறுங்கள், ஒரு கட்டம் ஒரு அரைச் சுரம். ஏழு பிள்ளைகள் 1, 3, 5, 6, 8, 10, 12இல் நிற்கட்டும், அதுதான் சி மேஜர். எட்டாம் கட்டத்து ஜி-யில் தொடங்கி நடந்தபடி ஒரு சுற்றுப் பாடச் சொல்லுங்கள். ஆறாம் கட்டத்தில் நிற்கிற எஃப் பிள்ளையிடம் வரும்போது, வீட்டுக்குப் போக ஒரு படிதான் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு படி கிடக்கும், காதும் இடறும். அந்தப் பிள்ளை மட்டும் ஒரு படி ஏறி ஏழில் நிற்க வேண்டும், அதுவரை ஐந்தாம் கட்டத்துப் பிள்ளையோடு ஒட்டி நின்றது இப்போது ஜி-யின் தோளை உரசிக்கொண்டு நிற்கும். மற்ற ஆறு பேரும் அசையவே தேவையில்லை. எஃப்-க்குப் போவதென்றால் 12இல் நிற்கிறவர் 11க்கு இறங்கினால் சரி.

அக்கரைப்பற்று ஓகன்:
ஒன்று சேர்க்கிறேன். ட்ரான்ஸ்போஸ் பட்டனை அமத்தி அரைச் சுரம் ஏற்றித் தொடங்காதீர்கள், அதில் ஏழு பேரும் சேர்ந்து ஒரு படி நகர வேண்டும், எது மாறியது என்று ஒருவருக்கும் பிடிபடாது. பிந்திச் செய்யலாம். இன்னொன்று, எட்டை வீடாக்கிவிட்டு ஒருவரையும் நகர்த்தாமல் பாட விட்டால் அதுவும் பிழையில்லை, சி மேஜருக்குச் சமமான சங்கராபரண ராகம் ஹரிகாம்போதி ராகமாகிவிடும், நம்மவர் கிரக பேதம் என்பது அதைத்தான். இரண்டையும் ஒரே நாளில் காட்டினால் குழம்புவார்கள்.

ஆரையம்பதி டீச்சர்:
எல்லாருக்கும் நன்றி. பாய் விளையாட்டு மூன்று கிழமை, நேற்று வட்டம். ஜி-யிலிருந்து பாடச் சொன்னேன். எஃப்-இல் நின்ற சின்னவன் நான் ஒன்றும் சொல்லாமலே, "டீச்சர், நான் இங்க நிக்கக் கூடாது" என்று ஏழுக்குத் தாவிவிட்டான். இனி அடுத்த சனிக்கிழமை 12ஐ 11க்கு இறக்குகிறேன்.