தூணை உரசியது வயதா, வண்டியா?

பழையகியர்:
பார்க்கிங் பற்றிய இழையில் நேர்கோடு நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "எழுபது தாண்டியவர் தூணை உரசினால் அது தற்செயல் இல்லை. இட உணர்வு போய்விட்டது என்று அர்த்தம். சாவியைக் கொடுத்துவிட வேண்டியதுதான்." இதுதான் அவர் எழுதியது. அதே இழையில் அதற்கு இரண்டு பதிவு முன்னால் தூணை உரசியதாக எழுதியிருந்தது நான். எனக்கு 71 வயது. ஓட்டத் தொடங்கி 46 வருடம், அதில் 19 வருடம் சரக்கு லாரி.

நடந்ததைச் சொல்கிறேன். அடித்தளப் பார்க்கிங்கில் இடப்பக்கம் திரும்பினேன். கதவுக்கும் தூணுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது, கண்ணாடியில் பார்த்தேன். திரும்பும்போது முன்சக்கரம் போன தடத்தில் பின்சக்கரம் வராது, உள்வாங்கித்தான் வரும். எவ்வளவு உள்வாங்கும் என்பது இரண்டு சக்கரத்துக்கும் நடுவிலுள்ள நீளத்தைப் பொறுத்தது. என் பழைய வண்டி குட்டை, இது நீளம். ஓட்டிப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பின்கதவின் கீழே உள்ளங்கை அளவு கீறல், அவ்வளவுதான். இதில் வயது எங்கே வந்தது?

நேர்கோடு:
ஐயா, நான் யார் பெயரையும் எழுதவில்லை. தொப்பி பொருந்துகிறது என்று நீங்களே எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள். பின்சக்கரம் எவ்வளவு உள்வாங்கும் என்பது யோசிக்காமலே உடம்புக்குத் தெரிவதைத்தான் இட உணர்வு என்கிறேன். 19 வருடம் லாரி ஓட்டியவருக்கு ஒரு காரின் நீளம் பிடிபடப் பதினோரு நாள் போதவில்லையா? என் கட்சிக்கு நீங்களே சாட்சி சொல்கிறீர்கள்.

ஓரமாய்நிற்பவன்:
ஒரு விஷயத்தை முதலில் பிரித்துக்கொள்ளலாமா? வழியை நினைவில் வைப்பது ஒன்று. வண்டியின் ஓரங்கள் எங்கே முடிகின்றன என்று தெரிவது இன்னொன்று. எதிரே வருவது எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கணிப்பது மூன்றாவது. மூளையில் இட வரைபடத்துக்கான செல்களைக் கண்டுபிடித்ததற்காக ஜான் ஓகீஃபுக்கும் மோசர் தம்பதிக்கும் 2014-இல் நோபல் கொடுத்தார்களே, அது பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது. வயதானால் இந்த மூன்றும் ஒரே அளவில் தேய்வதில்லை. நீங்கள் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள்?

பழையகியர்:
அதெல்லாம் அப்புறம். பதினோரு நாள் போதாதா என்று கேட்டாரே, அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். லாரியில் நான் உயரத்தில் உட்கார்ந்து ஓட்டினேன், இரண்டு பக்கமும் முழங்கை நீளக் கண்ணாடி. இந்தக் காரில் பின்சக்கரமே கண்ணாடியில் தெரியாது. 25 வயதுப் பையனைப் புது வண்டியில் உட்கார வைத்தாலும் உரசுவான். அவன் உரசினால் அனுபவம் போதாது என்பீர்கள், நான் உரசினால் மூளை தேய்ந்துவிட்டது என்பீர்கள். ஒரே தூண், ஒரே கீறல், இரண்டு தீர்ப்பா?

விழித்திரை:
நான் கண் பரிசோதனை செய்பவள். நேர்கோடு சொல்வது முரடாக இருக்கிறது, ஆனால் அடியில் விஷயம் இருக்கிறது. போன மாதம் 74 வயதுக்காரர் ஒருவர் வந்தார். அட்டையில் கடைசி வரி வரை தடுமாறாமல் படித்தார். அப்புறம் திரையில் ஒரு சோதனை வைத்தேன். நடுவில் ஒரு வண்டிப் படம், ஓரத்தில் இன்னொன்று, இரண்டும் ஒரே நேரத்தில் கண்ணிமைக்கும் பொழுதுக்குத் தோன்றி மறையும். நடுவில் இருந்தது காரா லாரியா, ஓரத்தில் இருந்தது எந்தத் திசையில் என்று சொல்ல வேண்டும். நடுவில் இருந்ததைச் சரியாகச் சொன்னார். "ஓரத்தில் எதுவுமே வரவில்லையேம்மா" என்றார். பத்து முறை வந்திருந்தது.

பார்வை நன்றாக இருக்கும், கவனம் எட்டும் பரப்பு சுருங்கியிருக்கும். அமெரிக்காவில் 55 முதல் 87 வயது வரையுள்ள 294 ஓட்டுநர்களை மூன்று வருடம் பின்தொடர்ந்து ஆய்வு செய்து 1998-இல் வெளியிட்டார்கள். இந்தப் பரப்பு 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைந்தவர்கள் விபத்தில் சிக்கும் வாய்ப்பு 2.2 மடங்கு. இதோடு 60 வயதில் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம் 20 வயதில் போவதில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். அடித்தளப் பார்க்கிங் இருட்டு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பழையகியர்:
அம்மா, உங்கள் படிப்பை மதிக்கிறேன். ஆனால் தூண் கண்ணிமைக்கும் பொழுதுக்குத் தோன்றி மறையவில்லை. நின்ற இடத்திலேயே நின்றது. அதை நான் பார்த்தேன். ஒரு சாண் இடைவெளி இருந்தது. பார்க்காமல் உரசுவது வேறு, பார்த்தும் வண்டியின் நீளம் கைக்குப் பழகாமல் உரசுவது வேறு.

ஆய்வு என்று வந்துவிட்டதால் நானும் சொல்கிறேன். கிழவர்களின் விபத்துக் கணக்கு ஏன் ஏறித் தெரிகிறது? குறைவாக ஓட்டுகிறவர் எந்த வயதுக்காரராக இருந்தாலும் கிலோமீட்டருக்கு இத்தனை என்று பார்த்தால் கணக்கு ஏறித்தான் தெரியும். நெதர்லாந்து ஓட்டுநர்களை வைத்து 2006-இல் வந்த ஆய்வில், வருடத்துக்கு 3,000 கிலோமீட்டருக்குக் குறைவாக ஓட்டிய முதியவர்களிடம் மட்டுமே அந்த ஏற்றம் தெரிந்தது. நான் அதைப் போல மூன்று மடங்கு ஓட்டுகிறேன். அடிபட்டால் கிழவன் சாகிறான், இளைஞன் பிழைக்கிறான். சாவுக் கணக்கு ஏறுவதில் பெரும்பங்கு எலும்பின் பலவீனம், ஓட்டுவதில் உள்ள பலவீனம் இல்லை. இதையெல்லாம் எழுதாமல் "சாவியைக் கொடு" என்று ஒரு வரியில் எழுதினால் கோபம் வராதா?

மூன்றாம்கண்ணாடி:
தூணை விடுங்கள். என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். கழுத்து திரும்பாது, அதனால் தோளோடு சேர்த்து உடம்பையே திருப்பிப் பார்ப்பார். எதிர்வரிசையைக் கடந்து திரும்ப வேண்டிய இடங்களைத் தானாகவே விட்டுவிட்டார். சுற்றிக்கொண்டு போவார், அதையே "நல்ல ரோடு" என்பார். நான் அதைப் புரிந்துகொள்ள ஒரு வருடம் ஆனது. ஒரு சாயங்காலம் கடக்க வேண்டியதாகிவிட்டது. நன்றாகப் போகக்கூடிய ஐந்து இடைவெளிகளை விட்டார். ஆறாவதில் நுழைந்தார். வந்த வண்டி தூரத்தில்தான் இருந்தது, ஆனால் வேகமாக வந்தது. அவர் தூரத்தைப் பார்த்தார், வேகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஓட்டுநர் பிரேக் அடித்து நின்றது என் கதவுக்கு ஒரு முழத்தில். வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டினார். யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை. நேர்கோடு அவர்களே, அந்த ஆணியைப் பார்த்திருந்தால் இவ்வளவு லேசாக எழுதியிருக்க மாட்டீர்கள்.

நேர்கோடு:
உங்கள் அப்பா பெரிய மனிதர், அதைத்தான் நானும் எல்லாரும் செய்ய வேண்டும் என்கிறேன். எலிசபெத் ராணியின் கணவர் இளவரசர் பிலிப் 97 வயதில், 2019 ஜனவரியில், சந்திப்பில் இன்னொரு காரில் மோதினார். அதில் இருந்த பெண்ணுக்கு மணிக்கட்டு முறிந்தது. வெயில் கண்ணில் அடித்தது என்றார். அடுத்த மாதம்தான் உரிமத்தைக் கொடுத்தார். எல்லாருக்கும் ஒரு வெயில் இருக்கிறது, ஒரு தூண் இருக்கிறது, ஒரு புது வண்டி இருக்கிறது.

அப்புறம், பழையகியர் ஐயா. டயர் பற்றிய இழையில் தூண் சம்பவத்துக்கு முந்தின வாரம் நீங்கள் எழுதியது: "வண்டி வாங்கி இரண்டு மாதம் ஆகிறது, இழுவை அருமை." இங்கே பதினோரு நாள். எது உண்மை?

பழையகியர்:
அப்படியா, என் பழைய பதிவுகளைத் தோண்டிக்கொண்டு இருக்கிறீர்களா? வண்டி வந்து இரண்டு மாதம். அதில் பாதிக்கு மேல் என் மகன் வெளியூர் எடுத்துப் போயிருந்தான். நான் ஓட்டியது பதினோரு நாள். "ஓட்டிப் பதினோரு நாள்" என்றுதான் எழுதியிருக்கிறேன், வாங்கி என்று எழுதவில்லை. மேலே போய்ப் படியுங்கள்.

இரவுப்பயணி:
எதற்கு இவ்வளவு சண்டை? ரிவர்ஸ் கேமராவும் சென்சாரும் இருந்தால் 90 வயதிலும் ஓட்டலாம். எதிரே வருகிறவர்களின் வெள்ளை எல்இடி ஹெட்லைட்டை முதலில் தடை செய்யச் சொல்லுங்கள், பாதி விபத்து குறையும்.

பழையகியர்:
தம்பி, கேமரா பின்னால் இருப்பதைக் காட்டும். நான் முன்னால் போய்க்கொண்டிருந்தேன். பக்கவாட்டில் உரசியதற்குக் கேமரா என்ன செய்யும்? ஆட்டோமேட்டிக் கியர் இழையிலும் நீங்கள் இப்படித்தான் நடுவில் வந்து குழப்பினீர்கள்.

இரவுப்பயணி:
ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவன் ஓட்டுநரே இல்லை என்று அங்கே எழுதியது யார்? எனக்கு முட்டி அறுவை சிகிச்சை ஆனதால் மாறினேன் என்று சொன்ன பிறகும் நீங்கள் அதைத் திரும்பப் பெறவில்லை. அடுத்தவன் உடம்பைப் பற்றிப் பேசும்போது வராத வலி இப்போது மட்டும் வருகிறதா?

பழையகியர்:
அது வேறு பேச்சு. கிளட்ச் பற்றிச் சொன்னது, உங்கள் முட்டியைப் பற்றி இல்லை.

விழித்திரை:
ஜப்பானில் 75 வயதைத் தாண்டியவர்கள் உரிமம் புதுப்பிக்க 2009 முதல் அறிவாற்றல் சோதனை கட்டாயம். யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை, சோதித்துப் பார்க்கிறார்கள். பழையகியர் ஐயா, அந்தத் திரைச் சோதனை பதினைந்து நிமிடம்தான். ஒருமுறை செய்து பார்ப்பீர்களா?

ஓரமாய்நிற்பவன்:
நான் கேட்டதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. தூண் இரண்டாவது வகை. அந்த அப்பா மூன்றாவது வகை.

பழையகியர்:
சோதனைக்கு நான் பயப்படவில்லை. நேர்கோடும் பக்கத்து நாற்காலியில் உட்காரட்டும், இரண்டு பேரும் செய்வோம். அதற்கு முன்னால் நாளைக் காலை டேப் எடுத்துக்கொண்டு அதே தூணுக்குப் போகிறேன். பழைய வண்டியின் நீளம், புது வண்டியின் நீளம், திரும்பும்போது பின்சக்கரம் எவ்வளவு உள்ளே வருகிறது என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுப் படம் எடுத்துப் போடுகிறேன்.

நேர்கோடு:
கோடு எவ்வளவு வேண்டுமானாலும் போடுங்கள். இரண்டு மாதமா, பதினோரு நாளா என்பதற்கு இன்னும் நேரான பதில் வரவில்லை.

பழையகியர்:
சொல்லிவிட்டேன். பதினோரு நாள். தூணுக்கும் கதவுக்கும் நடுவே ஒரு சாண் இருந்தது.